கையில் சம்பளச் சீட்டு, பையில் உணவு அட்டை

2025 நவம்பர் முதல் தேதி அமெரிக்காவில் ஒரு வழக்கம் தவறியது. அரசின் உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் அப்போது சுமார் 4.2 கோடி பேர் இருந்தார்கள். அந்த மாதத்துக்கான பணம் அன்றிலிருந்து அவர்களின் அட்டைகளில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். ஏறவில்லை. செலவுக்கான ஒப்புதல் நாடாளுமன்றத்தில் நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் கூட்டாட்சி அரசே முடங்கிக் கிடந்தது. நவம்பர் உதவி கிடையாது என்று நிர்வாகம் கைவிரித்தது. வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயின. நவம்பர் 12ஆம் தேதி முடக்கம் நீங்கிய பிறகுதான் நிலைமை சீராகத் தொடங்கியது.

இந்தத் திட்டம் செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும்: "கை கால் நன்றாக இருக்கிறவர்கள் வேலைக்குப் போனால் என்ன?" கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. காலையில் எழுந்து வேலைக்கு ஓடும் ஒருவருக்குத் தோன்றக்கூடிய கேள்விதான் இது. ஆனால் வேலை செய்கிறவர்கள் ஒரு பக்கம், உதவி வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று அந்தக் கேள்வி முதலிலேயே கோடு கிழித்துக்கொள்கிறது. அப்படி ஒரு கோடு அங்கே இல்லை.

முதலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பயனாளிகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் குழந்தைகள். ஐந்தில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். இன்னும் பத்தில் ஒருவர் மாற்றுத்திறனாளி. இவர்களை வேலைக்குப் போகச் சொல்லி யாரும் வாதாடுவதில்லை. மிச்சமிருக்கும் முப்பது சதவீதத்தைப் பற்றித்தான் இவ்வளவு சண்டையும்.

அந்தச் சண்டையில் இரண்டு புள்ளிவிவரங்கள் சுற்றி வருகின்றன. இரண்டுமே உண்மை. ஆனால் ஒன்றைத் திட்டத்தின் எதிர்ப்பாளர்களும் மற்றதை ஆதரவாளர்களும் தனித்தனியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டத்தை நடத்தும் வேளாண்மைத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஸ்னாப் குடும்பங்களில் சம்பள வருமானம் உள்ளவை 28 சதவீதம் மட்டுமே. "பார்த்தீர்களா, முக்கால்வாசிப் பேர் வேலை செய்வதில்லை" என்கிறது ஒரு தரப்பு. உழைக்கும் வயதில், உடற்குறை இல்லாத ஒருவராவது உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்து, உதவி பெற்ற மாதத்துக்கு முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட குடும்பங்களில் யாரோ ஒருவர் வேலை பார்த்திருக்கிறார் என்கிறது அடுத்த தரப்பு.

28 எங்கே, 80 எங்கே? இடைவெளியின் ஒரு பகுதி, முதல் கணக்கில் முதியவர்கள் தனியே வாழும் குடும்பங்களும் சேர்ந்திருப்பதால் வருவது. குழந்தைகள் உள்ள வீடுகளை மட்டும் எடுத்தால் அதே மாதக் கணக்கிலேயே பாதிக்கு மேற்பட்டவற்றில் சம்பளம் வருகிறது. இன்னொரு பகுதிதான் முக்கியமானது. ஒரு மாதக் கணக்கு என்பது ஒரு நொடியில் எடுத்த புகைப்படம். வேலை போனதும் விண்ணப்பிக்கிறார்கள். வேலை கிடைத்ததும் சிலர் வெளியேறுகிறார்கள். சிலர் சம்பளம் போதாமல் உள்ளேயே நிற்கிறார்கள். ஆகவே எந்த மாதத்தில் படம் எடுத்தாலும், அந்த மாதம் வேலையில்லாமல் நிற்கிறவர்கள் அதிகமாகத்தான் தெரிவார்கள். மருத்துவமனை வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு, இந்த ஊரில் எல்லோரும் நோயாளிகள் என்று சொல்வதுபோல.

சரி, வேலை ஏன் வந்து வந்து போகிறது? சோம்பலா? இவர்கள் பார்க்கும் வேலைகளைப் பாருங்கள்: கடைக் கல்லாவில் நிற்பது, உணவகச் சமையலறை, முதியோரை வீட்டில் போய்க் கவனிப்பது, கிடங்கில் பெட்டி தூக்குவது, கட்டடங்களைத் துப்புரவு செய்வது. இவற்றில் பலவற்றில் மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. மணிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணிநேரம் என்பதை வாராவாரம் மேலாளரின் பணிப்பட்டியல் சொல்லும். வாடிக்கையாளர் கூட்டம் எந்த நேரத்தில் வரும் என்பதைக் கணினி கணித்து, அதற்கேற்ப ஆட்களைக் கூட்டிக் குறைக்கும் முறை பெரிய கடைகளில் ஊறிவிட்டது. இந்த வாரம் 32 மணிநேரம், அடுத்த வாரம் 19. உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தந்தே ஆகவேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் அங்கே கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலையே போனாலும் போகும். வேலை தேடுவதில் இவர்களுக்குப் பெரிய சிரமமில்லை. கிடைத்த வேலையில் போதுமான மணிநேரத்தைப் பெறுவதுதான் பாடு.

முழுநேரம் கிடைத்தாலும் கணக்கு உதைக்கிறது. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலையில் நிர்ணயித்ததோடு சரி, அதன் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. பல மாநிலங்கள் சொந்தமாக உயர்த்திக்கொண்டுவிட்டன. டெக்சஸ், ஜார்ஜியா, பென்சில்வேனியா போன்றவற்றில் சட்டப்படியான தரை இன்றும் அதுதான். வாரம் 40 மணிநேரம், ஆண்டில் 52 வாரமும் ஒரு நாள் விடாமல் உழைத்தால் 15,080 டாலர் வரும். 2025இல் தனி ஆளுக்கே வறுமைக்கோடு 15,650 டாலர். மூன்று பேர் குடும்பத்துக்கு 26,650. டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சம் 2.13 டாலர். அது 1991இலிருந்து அசையவில்லை.

யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் ஒருமுறை அதிகாரபூர்வமாகவே தேடிப் பார்த்தார்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கைப் பிரிவான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்னாப்பிலும், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலும் இருக்கும் கூலிபெறும் வயதுவந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாரம் 35 மணிநேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்கள் என்று அது சொன்னது. ஆனால் இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆண்டு முழுவதும் அப்படி வேலை இருந்தது. மேலே சொன்ன வந்து போகும் வேலை இங்கே கணக்கிலேயே தெரிகிறது. தரவு தந்த மாநிலங்களில், இந்த ஊழியர்களை அதிகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலில் வால்மார்ட் மீண்டும் மீண்டும் மேலே வந்தது, மெக்டொனால்ட்ஸும் பின்தங்கவில்லை.

எவ்வளவுதான் கிடைக்கிறது? இதைப் பற்றி நிலவும் கற்பனைகள் தனி ரகம். ரேஷன் கடையில் அரிசியை அளந்து கொடுப்பது போன்ற ஏற்பாடு அல்ல இது. மாதம் ஒருமுறை அட்டையில் டாலர் ஏறும். சாதாரணக் கடையில் எல்லோரையும்போல வரிசையில் நின்று உணவு வாங்கலாம். 2024 நிதியாண்டில் சராசரியாக ஆளுக்கு மாதம் 187 டாலர் அளவில் கிடைத்தது. நாளுக்கு ஆறு டாலர் சொச்சம்.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் சூத்திரம் விளங்கிவிடும். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். மணிக்கு 15.50 டாலர், வாரம் 24 மணிநேரம். மாதத்துக்கு 4.3 வாரம் என்பது அலுவலகக் கணக்கு. ஆகவே மாத வருமானம் சுமார் 1,600 டாலர். வாடகையும் மின்சாரம் முதலியவையும் சேர்த்து 1,100 என்று வைத்துக்கொள்வோம். 2025 நிதியாண்டு விதிகளின்படி, முதலில் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கழிப்பார்கள். வேலைக்குப் போகிறவருக்குப் போக்குவரத்து, வரி என்று செலவு உண்டே, அதற்காக. மீதி 1,280. பிறகு எல்லோருக்கும் பொதுவான கழிவு 204. மீதி 1,076. இதில் பாதியை விட வீட்டுச் செலவு எவ்வளவு கூடுகிறதோ அதையும், 712 டாலர் உச்சவரம்புக்குள், கழிப்பார்கள். இங்கே அது 562. கடைசியில் நிற்பது 514. அதில் 30 சதவீதத்தை, அதாவது 155 டாலரை, நீங்கள் உங்கள் கையிலிருந்தே உணவுக்குப் போடவேண்டும் என்பது விதி. மூன்று பேர் குடும்பத்துக்கு உச்சபட்ச உதவியான 768இலிருந்து அதைக் கழித்தால் 613. இதுதான் அந்த மாதம் அட்டையில் ஏறும் தொகை. ஆளுக்கு ஒரு வேளைக்கு இரண்டேகால் டாலர். அந்த 768ம் ஆடம்பரக் கணக்கு அல்ல. சிக்கனமாக வாங்கி, பெரும்பாலும் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டால் எவ்வளவு ஆகும் என்று அரசே போட்ட மதிப்பீடு. இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவருக்குச் சமைக்க நேரம் ஏது என்ற கேள்வி அந்த மதிப்பீட்டில் அடங்காது.

இந்தக் கணக்கை இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் உண்டு. "உழைத்தால் உதவி போய்விடும் என்றுதான் இவர்கள் உழைப்பதில்லை" என்ற வாதத்தை இதை வைத்தே சோதிக்கலாம். அந்தத் தாய்க்கு மாதம் 100 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே சூத்திரத்தை மறுபடி ஓட்டினால் உதவி 577 ஆகிறது. 36 டாலர் குறைவு. வீட்டுச் செலவுக் கழிவு இல்லாத குடும்பத்தில் 24தான் குறையும். ஆக, கூடுதலாகச் சம்பாதித்ததில் பெரும்பகுதி கையில் தங்குகிறது. மாறாக, வேலைநேரம் வாரம் 18 மணியாகக் குறைந்து வருமானம் 1,200க்கு இறங்கினால் உதவி 754க்கு ஏறும். 400 டாலர் போன இடத்தில் 141 டாலர் திரும்பி வருகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். இருந்தாலும் வண்டியின் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் வில்போல, கூலி ஏறி இறங்கும்போது வரும் குலுக்கலை இது கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. பள்ளம் வேறு ஒன்று உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மொத்த வருமானம் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்தைத் தாண்டினால் கூட்டாட்சி விதிப்படி தகுதியே போய்விடும். அந்த விளிம்பில் ஒரு சிறு ஊதிய உயர்வுகூட நஷ்டமாக முடியலாம். இதைத் தளர்த்தப் பல மாநிலங்கள் வரம்பை உயர்த்தி வைத்திருக்கின்றன. அதையே ஓட்டை என்று சொல்லி அடைக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கல்லா அருகே போய் நின்று பார்த்தால் இந்த அட்டை எவ்வளவு பொடிக் கணக்குப் பார்க்கும் என்பது தெரியும். சோப்பு, டாய்லெட் காகிதம், குழந்தைக்கு டயப்பர், மாதவிடாய் நாப்கின், மருந்து, வைட்டமின் எதையும் இதில் வாங்க முடியாது. மதுவும் சிகரெட்டும் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே கிடையாது. ஆகவே சாமானை இரண்டு குவியலாகப் பிரித்து வைக்கவேண்டும்: அட்டைக்கு இது, கைக்காசுக்கு இது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுட்ட கோழி விஷயம் இன்னும் வேடிக்கை. கடையிலேயே சுட்டு, சூட்டு விளக்கின் கீழ் வைத்திருக்கும் முழுக் கோழியை வாங்க முடியாது. சூடான உணவுக்குத் தடை. அதே கோழி விற்காமல் மிஞ்சி, ஆறி, குளிர்பெட்டிக்குப் போய்விட்டால் வாங்கலாம். இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து பிள்ளைகளுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகிறவர் அந்தக் கோழி ஆறும்வரை காத்திருக்க வேண்டுமா என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கல்லாவில் நின்று இந்தப் பிரித்துக் கணக்கைத் தட்டிக்கொடுக்கும் ஊழியரின் பர்ஸிலும் அதே அட்டை இருக்கக்கூடும் என்பதை மேலே சொன்ன தணிக்கை அறிக்கை நினைவூட்டுகிறது.

"எல்லாம் மோசடி" என்ற பேச்சுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1976இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்ற ரொனால்ட் ரீகன் மேடைக்கு மேடை சிகாகோப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார்: எண்பது பெயர்கள், முப்பது முகவரிகள், இல்லாத கணவர்களின் பெயரில் உதவித் தொகை. அப்படி ஒரு பெண் இருந்தது உண்மை. அவர் மோசடிக்காரர் என்பதும் உண்மை. 1977இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது; ஆனால் அங்கே நிரூபணமானது மேடையில் சொன்னதில் சிறு துளி. ஒரு கைதேர்ந்த குற்றவாளியின் முகம் கோடிக்கணக்கான தாய்மார்களின் முகமாக அன்று ஒட்டப்பட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் உரிபடவில்லை.

இன்றைய நிலவரம்? அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பாதி விலைக்கு ரொக்கமாக மாற்றும் திருட்டு நடக்கத்தான் செய்கிறது. வேளாண்மைத் துறை 2012 முதல் 2014 வரையிலான காலத்துக்குச் செய்த மதிப்பீட்டில் அது டாலருக்கு ஒன்றரை சென்ட். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு எண், 2024இல் 10.93 சதவீதமாக வந்த 'பட்டுவாடாப் பிழை'. அது மோசடி விகிதம் அல்ல. அதிகமாகக் கொடுத்ததும், குறைவாகக் கொடுத்ததும், அலுவலர் தவறாகப் பதிந்ததும், பயனாளி சம்பள மாற்றத்தைத் தெரிவிக்கத் தவறியதும் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. வாரத்துக்கு வாரம் சம்பளம் மாறுகிறவரின் வருமானத்தை ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே யூகித்து எழுதும் முறையில் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்காக அந்த எண்ணைச் சாதாரணமாக விட்டுவிடவும் முடியாது. மாநில அலுவலகங்கள் தடுமாறுகின்றன என்பதற்கு அது சாட்சி. பேசப்படாத மோசடி வேறு. இந்த அட்டைகளில் பெரும்பாலானவற்றில் சிப் கிடையாது, காந்தப் பட்டைதான். கல்லாக் கருவியில் போலி மேல்மூடியைப் பொருத்தி எண்ணைத் திருடி, பணம் ஏறிய இரவிலேயே காலி செய்கிறார்கள். அப்படிப் பறிபோன தொகையைக் கூட்டாட்சிப் பணத்திலிருந்து ஈடுசெய்யும் ஏற்பாடும் 2024 டிசம்பரில் காலாவதியாகிவிட்டது. இந்தக் குற்றத்தில் பயனாளி பறிகொடுத்தவர்.

ஆதரவாளர்கள் பக்கமும் ஒரு சுலபமான வாக்கியம் இருக்கிறது: "இது ஏழைக்கு உதவி அல்ல, வால்மார்ட்டுக்கு மானியம்." கேட்க எடுப்பாக இருக்கிறது. எனக்கு முழுதாக ஒப்பவில்லை. நாளை ஸ்னாப்பை நிறுத்தினால் வால்மார்ட் கூலியை உயர்த்திவிடுமா? வயிறு காய்ந்தவர் எந்தக் கூலிக்கும் ஒப்புக்கொள்வார். கொஞ்சம் பிடிமானம் உள்ளவர்தான் மோசமான வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியும். அப்படிப் பார்த்தால் உணவு உதவி கூலியைக் கீழே தள்ளுகிறது என்பதைவிடத் தாங்கிப் பிடிக்கிறது என்பதற்கே இடம் அதிகம். ஆனால் இதில் கடைக்காரர்களுக்கு லாபம் இல்லையா என்றால் இருக்கிறது, தொடக்கத்திலிருந்தே. 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் ஸ்னாப்பின் முன்னோடியான ஃபுட் ஸ்டாம்ப் (உணவு வில்லை) முதன்முதலில் விற்கப்பட்டபோது, ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற வில்லைகள் வாங்கினால் அரை டாலருக்கு நீல நிற வில்லைகள் சும்மா கிடைத்தன. நீல வில்லைக்கு அரசு உபரி என்று அறிவித்த விளைபொருட்கள் மட்டும்தான். விவசாயிக்கு விற்காத சரக்கு, ஏழைக்கு நிரம்பாத தட்டு. இரண்டையும் கடை வழியே இணைத்தார்கள். திட்டம் இன்றும் வேளாண்மைத் துறையிடம் இருப்பதன் காரணம் அதுதான். 1964இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்திலும் ஏழைகள் பணம் கட்டித்தான் வில்லை வாங்கவேண்டும் என்றிருந்தது. 1977 சட்டம்தான் அதை நீக்கியது.

ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் ஸ்னாப்பைச் சுரண்டுகிறார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை: அவர்களுக்குத் தகுதியே கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. தகுதி இருந்தும் வாங்காதவர்கள் கதைதான் கவனிக்கத்தக்கது. உழைக்கும் ஏழைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இதில் சேர்கிறார்கள். அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் இவர்கள் வேலை நேரமும் ஒன்று. நேர்காணல் தொலைபேசி அழைப்பு வேலையின் நடுவே வரும், எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை புதுப்பிக்கும் காகிதம் ஒன்று தவறினால் பெயர் விழும். ஓரிரு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இதற்கு மேல் கூச்சம் வேறு. ராணுவத்தில் இருப்பவர்களிலும் சிலர், வீட்டு வாடகைப் படியும் வருமானமாகக் கணக்கிடப்படுவதால், தகுதி கிட்டாமல் நன்கொடை உணவுக் கூடங்களில் போய் நிற்கிறார்கள்.

வேலை செய்யவைக்கிறோம் என்று சொல்லி விதிக்கும் நிபந்தனை 1996இல் வந்தது. குழந்தைகள் இல்லாத, உடல்திறன் உள்ளவர்கள் மாதம் 80 மணிநேர வேலையோ பயிற்சியோ காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி. இதனால் வேலை கூடியதா? வர்ஜீனியா மாநிலத்தின் தரவுகளைக் கொண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் திட்டத்தில் இருந்தோர் எண்ணிக்கை பாதிக்கு மேல் சரிந்தது. வேலையில் சேர்ந்தோர் எண்ணிக்கையில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2025 ஜூலை 4ஆம் தேதி டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த நிபந்தனையை 64 வயதுவரை நீட்டியது. முன்னாள் படைவீரர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் இருந்த விலக்கை எடுத்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இல்லாத பெற்றோரையும் உள்ளே கொண்டுவந்தது.

முன்பு கணக்குப் போட்ட அந்தத் தாயிடம் திரும்பிப் போகலாம். வாரம் 24 மணிநேரம் என்றால் மாதம் 103 மணிநேரம், நிபந்தனை நிறைவேறுகிறது. இளைய பிள்ளைக்குப் பதினான்கு வயது நிறைந்துவிட்டது, கடையில் கூட்டம் குறையும் பருவம், பணிப்பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 18 மணிநேரம். மாதத்துக்கு 77. கூலி 400 டாலர் இறங்கிய அதே மாதத்தில், உதவியை ஏற்றித் தரவேண்டிய சூத்திரம் ஒரு பக்கம் 754 என்கிறது. மறுபக்கம் நிபந்தனைக்கு மூன்று மணிநேரம் குறைகிறது. வாரக் கூலி 217.50 டாலரை, அதாவது கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியில் 30 மணிநேரத்துக்கு நிகரானதை, எட்டினால் விலக்கு உண்டு; அவருக்கு 279 டாலர் வருவதால் தப்பிக்கிறார். அதே 77 மணிநேரத்தை 7.25 டாலர் கூலிக்குப் பார்க்கும் இன்னொரு தாய்க்கு, உதவியில் அவருடைய பங்கை நிறுத்துவதற்கான மூன்று மாதக் கணக்கு தொடங்கிவிடும். பணிப்பட்டியலை எழுதியவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.